பார்வை மான்

முகவுரை

காட்டில் மானை வேட்டையாடுவோர் தொன்றுதொட்டுக் கையாண்டு வந்த சூழ்ச்சிகள் பல. வலை விரித்தல், குழி தோண்டுதல், நாயை ஏவுதல், பறையறைந்து கலைத்தல் என்பன அவற்றுட் சில. இவையெல்லாம் மானை அச்சுறுத்தியோ, அதன் கண்ணுக்கு மறைந்தோ அகப்படுத்தும் முறைகளாம். இவற்றினின்றும் முற்றிலும் வேறான முறை ஒன்றுண்டு. அஃது, மானைக் காட்டி மானைப் பிடித்தல். அஞ்சி ஓடும் இயல்புடைய விலங்கை, இனத்தை நாடும் விருப்பினாலோ, துணையை நாடும் வேட்கையினாலோ, பகைவனைக் கண்ட சினத்தினாலோ தானே நெருங்கி வரச் செய்வது இம்முறை. இதற்குக் கருவியாக நிறுத்தப்படும் விலங்கை நம் முன்னோர் 'பார்வை' என்று வழங்கினர். பார்வை விலங்கு, பார்வை மிருகம், தீவகம் என்பனவும் அதன் பெயர்களே.

இப்பார்வை மானைப் பற்றிப் பழைய நூல்கள் கூறுவன யாவை, மான் அதனைக் கண்டு மயங்குவது எவ்வாறு, இக்காலத்தில் வட அமெரிக்காவில் அதனை நிறுத்தும் முறை யாது, அதனால் மனிதருக்கு நேரும் இடர் யாது, அவ்விடரினின்றும் தப்பும் வழி யாது என்பவற்றை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வேட்டையைப் புகழ்வதும் இகழ்வதும் நம் கருத்தன்று. எனினும் ஓர் உண்மையைத் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் நலம். பார்வை மானை நிறுத்துவோன் மானின் கண்ணை மட்டும் எண்ணினாற் போதாது. மனிதன் கண்ணையும் எண்ணல் வேண்டும். மானை மயக்கும் உருவம் மனிதனையும் மயக்கும். இதனை மறந்தவிடத்தே இடர் விளைகின்றது.

பழைய நூல்களிற் பார்வை மான்

சங்க நூல்களில் பார்வை மான் இருமுறை நம் கண்முன் வந்து நிற்கின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், எயினர் குடியிருப்பைக் கூறும் பகுதியில், குடிசையின் முன்றிலில் உள்ள விளாமரத்தின் அடியில் பார்வை மான் கட்டப்பட்டுள்ளது. நாள்தோறும் கயிறு உராய்தலால் அம்மரத்தின் அடி தேய்ந்துள்ளது என்று புலவர் கூறுகின்றார். அவ்வொரு தேய்வினாலேயே, அங்குப் பார்வை மான் கட்டுதல் ஒருநாட் செயலன்று, தலைமுறை வழக்கம் என்பது நமக்குப் புலனாகின்றது.

மற்றொன்று வீரை வெளியனார் பாடிய புறநானூற்று 320-ஆம் செய்யுளில் வருவது. யானை வேட்டுவன் ஒருவன் தன் முன்றிற் கொடிகளின் நிழலில் அயர்ந்து உறங்குகின்றான். அங்கே அவன் வளர்த்த பார்வைப் பிணை நிற்கின்றது. காட்டினின்றும் தனியே வந்த கலைமான் ஒன்று அதனைத் தழுவி விளையாடுகின்றது. வேட்டுவன் மனைவி அதனைக் காண்கின்றாள். அவள் ஓசை எழுப்பினாற் கணவன் விழித்துக்கொள்வான். கலையும் பிணையைப் பிரிந்து ஓடிவிடும். இவ்விரண்டிற்கும் அஞ்சி அவள் வீட்டினுள் அசையாதிருக்கின்றாள். முன்றிலில் உலர்த்திய தினையைக் கானக்கோழியும் இதற்பறவையும் கவர்ந்து தின்கின்றன. அவற்றை ஓட்டவும் அவள் எழவில்லை. வேட்டுவன் இல்லத்தில் உணவுக்கு வழியாவது எதுவோ, அதுவே வலிய வந்து வாயிலில் நிற்கின்றது. ஆயினும் அவ்வில்லத்தரசி அதனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாதிருக்கின்றாள். பார்வை மானைப் பற்றி நம் மொழியில் உள்ள செய்திகளுள் இதனினும் நுட்பமான ஒன்றைக் காண்டல் அரிது.

பிற நாட்டு, பிற சமய நூல்களிலும் இச்சூழ்ச்சி கூறப்படுகின்றது. பாலி மொழியிலுள்ள மஜ்ஜிம நிகாயத்தின் 19-ஆம் சூத்திரத்தில், மான் கூட்டத்திற்குக் கேடு சூழும் ஒருவன் அச்சமற்ற நல்வழியை அடைத்துத் தீயவழியைத் திறந்து, ஆண் பார்வை ஒன்றையும் பெண் பார்வை ஒன்றையும் அங்கே நிறுத்துகின்றான் என்று புத்தர் உவமை கூறுகின்றார். ஆண் பார்வை ஆசையைக் குறிப்பது. பெண் பார்வை அறியாமையைக் குறிப்பது. நம் நாட்டுச் சைவ சித்தாந்த நூலாகிய திருவருட்பயனிலோ, 14-ஆம் நூற்றாண்டினரான உமாபதி சிவாசாரியார் அதே உவமையை நேர்மாறான பொருளில் அமைத்துள்ளார். இறைவன் மானிட வடிவிற் குருவாய் வருவது, மனிதரைக் காட்டி மனிதரை ஆட்கொள்ளும் பார்வையாம் என்பது அவர் கருத்து. கிறிஸ்தவ மறையின் இணைத் திருமுறை நூல்களுள் ஒன்றான சீராக்கின் ஞானநூலில், செருக்குடையோன் உள்ளம் கூண்டிலுள்ள பார்வைக் கௌதாரிக்கு ஒப்பிடப்படுகின்றது. உவமை ஒன்றாயினும் ஓரிடத்தில் அது கேட்டின் வாயிலையும், பிறிதோரிடத்தில் அருளின் வாயிலையும் குறிக்கின்றது. கருவி ஒன்றே, அதனை ஏந்தும் கையின் நோக்கமே வேறு.

மொகலாயர் காலத்து வழக்கத்தை அபுல் பசல் இயற்றிய அயினி அக்பரியால் அறிகின்றோம். பழக்கிய ஆண்மான் ஒன்றன் கொம்புகளில் வலையைக் கட்டி, காட்டுமான் இருக்குமிடத்தில் விடுவர். காட்டுமான் போருக்கு வரும். இரண்டும் முட்டி மோதுங்கால் காட்டுமானின் கொம்போ, காலோ, காதோ வலையிற் சிக்கிக்கொள்ளும். மறைந்திருக்கும் ஆட்கள் உடனே ஓடிவந்து அதனைப் பிடிப்பர்.

கடல் கடந்த அமெரிக்கக் கண்டத்திலோ மனிதனே பார்வையாய் நின்றான். 1564-ஆம் ஆண்டிற் பிளாரிடாவிற்குச் சென்ற பிரெஞ்சு ஓவியர் ஜாக் லெ மொயின் வரைந்தனவாகக் கூறப்படும் படங்களைத் தியோடர் டி பிரை என்பார் 1591-இல் அச்சிட்டு வெளியிட்டார். அவற்றுள் ஒன்றில் திமுக்குவா இனத்து வேட்டுவர் மான்தோலைத் தலையோடு போர்த்துக்கொண்டு, நீர்த்துறையில் நிற்கும் மான்களை வில்லேந்தி நெருங்குகின்றனர். வேட்டுவர் கையில் வில் மட்டுமே இருந்த காலத்தில், அறிந்தோர் சிலர் கூடிச் செய்த வேட்டையாதலின், இஃது ஓரளவிற்கு ஏற்றதாயிருந்தது. தொலைவிற் சென்று துளைக்கும் துப்பாக்கி வந்தபின், மான்போற் காணப்படுதல் மனிதனுக்குப் பேராபத்தாயிற்று.

மானின் புலன்கள்

வட அமெரிக்காவில் இன்று பொய்ம்மான் வைத்து வேட்டையாடப்படுவது பெரும்பாலும் வெண்வால் மான் என்னும் இனமே. தென் கனடா முதல் தென்னமெரிக்காவின் வடபகுதி வரை இது பரவியுள்ளது. அஞ்சி ஓடுங்கால் வாலை உயர்த்தி அதன் அடியிலுள்ள வெண்மையைக் காட்டுதலால் இப்பெயர் பெற்றது. நம் நாட்டுத் திருகுமானின் கொம்பு ஒருமுறை முளைத்து என்றும் நிலைப்பது. வெண்வால் மானின் கிளைக்கொம்போ ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. ஆண்களுக்கே அக்கொம்பு உண்டு.

இம்மானை மயக்க விரும்புவோன் முதலில் அறியவேண்டுவன அதன் கண், மூக்கு, செவி என்னும் மூன்றின் இயல்புகளாம்.

கண்கள் தலையின் இருபுறத்தும் அமைந்துள்ளமையின், தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றிப் பெரும்பகுதியை மான் காண வல்லது. சிறிய அசைவையும் உடனே உணரும். அசையாத பொருளின் நுண்ணிய உருவத்தைப் பிரித்தறிவதில் மட்டும் அது மனிதனுக்குக் குறைந்தது. நிறங்களை அறிவதிலும் வேறுபாடுண்டு. மனிதன் விழித்திரையில் நிறமுணரும் கூம்புகள் மூவகை, மானுக்கோ இருவகையே. 1990-களில் ஆராய்ச்சியாளர் வெண்வால் மானின் விழிகளை நுண்கருவிகளால் ஆராய்ந்து, ஒருவகைக் கூம்பு 450 முதல் 460 நானோமீட்டர் அளவான நீல ஒளியையும், மற்றொன்று 537 நானோமீட்டர் அளவான பசிய ஒளியையும் மிகுதியாக உணர்கின்றன என்று கண்டனர். செவ்வொளியைத் தனியே உணரும் கூம்பு மானுக்கு இல்லை. ஆதலின் நம் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் நிறம் மானுக்கு மங்கிய ஒரு நிறமாகவே தோன்றும். நீல ஆடையோ அதன் கண்ணுக்கு எடுப்பாகத் தோன்றும். இவ்வேறுபாட்டை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் மனித உயிரைக் காக்கும் உபாயத்திற்கு இதுவே அடிப்படையாக நிற்கும்.

மூக்கோ கண்ணினும் வலியது. கண்ணாற் கண்டதை மான் ஐயுறும். செவியாற் கேட்டதையும் ஐயுறும். மூக்கால் உணர்ந்ததை ஐயுறுவதில்லை. மனித வாடை பட்டதும், எத்துணை அழகிய பொய்ம்மான் முன்னின்றாலும், அது நில்லாது ஓடும். ஐயம் நேர்ந்தவிடத்து, காற்று வந்துசேரும் பக்கமாகச் சுற்றிச் சென்று, மோந்து பார்த்துத் தெளிதல் அதன் வழக்கம். பொய்ம்மானை நிறுத்தும் முறை முழுதும் இவ்வொரு வழக்கத்தைச் சூழ்ந்தே அமைந்துள்ளது.

இனி, காலத்தையும் அறிதல் வேண்டும். பகற்பொழுது சுருங்கி வருதலை உணர்ந்து வெண்வால் மானுடல் புணர்பருவத்திற்கு ஆயத்தமாகின்றது. அமெரிக்காவின் வடபகுதிகளில் நவம்பர் நடுவில் அப்பருவம் உச்சநிலை அடையும். சினைக்காலம் ஏறக்குறைய 200 நாளாதலின், இளவேனில் முற்றித் தழை மிகுந்த மே, ஜூன் மாதங்களிற் கன்றுகள் பிறக்கும். அக்டோபர் இறுதியிலும் நவம்பர் முதலிலும் ஆண்மான்களின் கழுத்துப் பருக்கும். அவை மரங்களிற் கொம்பை உராய்ந்தும், நிலத்தைக் குளம்பாற் பறித்தும் அடையாளம் இடும். உணவைக் குறைத்துத் துணையைத் தேடித் திரியும். எச்சரிக்கை குன்றும் காலம் அது. பொய்ம்மான் மிகுதியும் பயன்படுவது அச்சில வாரங்களிலேயாம். மற்றைக் காலங்களில் மான்கள் அதனை ஐயத்தோடு நோக்கிக் குளம்பால் நிலத்தைத் தட்டிவிட்டு விலகிச் செல்லும். பெண்மான்கள் விரைவில் ஐயுற்று மற்றவற்றையும் கலைத்துவிடும்.

பொய்ம்மானை நிறுத்தும் முறை

இக்காலப் பொய்ம்மான் இலேசான செயற்கைப் பொருளால் ஆனது. தலை, கால், கொம்பு என்பவற்றைத் தனித்தனியே கழற்றி உடலினுள் அடக்கி எடுத்துச் செல்லலாம். அதனை நிறுத்துவோன் கருதவேண்டுவன ஐந்து.

முதலாவது, இடம். பொய்ம்மான் தொலைவிலிருந்தே காணப்படல் வேண்டும். ஆதலின் புல்வெளியின் ஓரமும், அறுவடையான வயலும் ஏற்றவை. அடர்ந்த புதரிடையே நிறுத்தினால், வருகின்ற மான் திடீரென மிக அணுக்கத்தில் அதனைக் கண்டு வெருண்டு ஓடும்.

இரண்டாவது, காற்று. காற்றானது பொய்ம்மானிடமிருந்து வேட்டுவன் இருக்குமிடம் நோக்கி வீசுமாறு அமைத்தல் வேண்டும். இருவருக்கும் இடையே தொலைவு 15 முதல் 25 கஜம் வரை இருக்கலாம். மோந்து தெளிய விரும்பும் ஆண்மான், பொய்ம்மானின் வாடை வந்துசேரும் பக்கமாகச் சுற்றி வருங்கால், வேட்டுவனுக்கும் பொய்ம்மானுக்கும் இடைப்பட்ட வெளியிற் புகும். வேட்டுவன் வாடை படும் எல்லையை அடையுமுன்னரே அம்பெல்லைக்குள் வந்துவிடும்.

மூன்றாவது, முகம். ஆண்மான் வேறோர் ஆண்மானைக் கண்டால், முகத்துக்கு முகம் எதிர்நின்று அச்சுறுத்தும். ஆதலின் ஆண் பொய்ம்மானை வேட்டுவன் பக்கமாகச் சிறிது சாய்த்து நிறுத்துவர். எதிர்க்க வரும் மான் அதன் முன்புறத்தை அடையும்பொருட்டு வேட்டுவனுக்குத் தன் பக்கத்தைக் காட்டி நிற்கும். பெண்மானையோ அது பின்புறமாகவே அணுகும். அதனாற் பெண் பொய்ம்மானை வேட்டுவனுக்குப் புறங்காட்டி நிறுத்துவர். பொய்ம்மானின் கண் நேரே வேட்டுவன் பரணை நோக்குமாறு வைத்தலாகாது. ஒரு மான் உற்று நோக்கும் திசையை மற்றொரு மானும் நோக்கும்.

நான்காவது, உருவம். ஆண் பொய்ம்மானுக்குப் பெருங்கொம்பு வேண்டா. தன்னினும் வலியான் என்று கண்டால், இளங்கலைகள் அஞ்சி விலகும். நடுத்தரமான கொம்பே போதும். முழுதும் அசையாத உருவம் ஐயத்தை விளைக்குமாதலின், வாலிருக்குமிடத்தில் மெல்லிய வெண்துணி ஒன்றைக் காற்றில் அசையுமாறு கட்டுவதுண்டு.

ஐந்தாவது, வாடையும் ஓசையும். பொய்ம்மானை மணமற்ற சோப்பினாற் கழுவி, ரப்பர் கையுறை அணிந்தே தொடுவர். வீட்டு அறையிலும் வண்டியிலும் எண்ணெய், புகை முதலியவற்றின் வாடை படாமற் காப்பர். தொலைவிற் செல்லும் மானின் கவனத்தைத் திருப்ப, ஆண்மானின் உறுமல்போல் ஒலிக்கும் குழலை ஊதுவதும், இரு கொம்புகளை மோதிப் போர் ஓசை எழுப்புவதும் உண்டு. மான் திரும்பிப் பார்த்தபின் ஓசை வேண்டா. எஞ்சியதைப் பொய்ம்மான் செய்யும்.

இவ்வைந்தும் அமைந்தாலும் பொறுமை இல்லையேற் பயனில்லை. பொய்ம்மானைக் கண்ட ஆண்மான் செவியைப் பின்னுக்கு மடித்து, மயிர் சிலிர்த்து, விறைத்த நடையோடு மெல்ல வரும். அது பக்கம் காட்டி நின்று, நெஞ்சும் நுரையீரலும் உள்ள இடம் தெளிவாகத் தெரியும்வரை வில்லை விடாதிருத்தல் வேட்டுவன் கடமை. விரைந்து எய்த அம்பால் மான் உடனே இறவாது, புண்பட்டுக் காட்டிற் புகுந்து நெடுநேரம் வருந்தி மடியும். ஓர் உயிரைத் தன் கண்முன் வருவித்தவன் அதனை வதைக்காது முடித்தற்கும் பொறுப்புடையவன். அவ்வுறுதி இல்லாதவிடத்து அம்பை மீட்டுக்கொள்வதே அறம்.

இடரும் காவலும்

இதுகாறும் மானின் கண்ணைப் பற்றிக் கூறினோம். இனி மனிதன் கண்ணைப் பற்றிக் கூறுவோம். பொய்ம்மான் எவ்வளவு திறம்படச் செய்யப்பட்டுள்ளதோ, அவ்வளவிற்கு அது பிற வேட்டுவனையும் மயக்கும். விடியற்காலத்து மங்கிய ஒளியில், மானைக் காணவேண்டும் என்னும் ஆவலோடு செல்பவன், மான் வடிவம் ஒன்றைக் கண்டவுடன் ஆராயாமற் சுடுதலுங் கூடும். துப்பாக்கிக் குண்டு பொய்ம்மானைத் துளைத்து அப்பாலும் செல்லும். அதன் பின்னே மறைந்திருப்பவன் கதி யாது? இதனை எண்ணியே அனுபவமுள்ளோர் பின்வரும் காவல்களை வற்புறுத்துகின்றனர்.

பொய்ம்மானை வில் வேட்டைக்குரிய காலத்தில் மட்டும் பயன்படுத்துதல் நன்று. துப்பாக்கி வேட்டைக் காலத்தில், அதிலும் பலரும் வந்து செல்லும் பொதுக்காடுகளில், அதனை அறவே விடல் வேண்டும்.

எடுத்துச் செல்லுங்கால் தலையையும் கொம்பையும் கழற்றி உள்ளே வைத்து, உடல் முழுவதையும் ஒளிரும் ஆரஞ்சு நிறத் துணியால் மூடுதல் வேண்டும். தோளின்மேல் மான்தலை அசைய நடப்பவன் தன் உயிரைப் பணயம் வைத்தவனாவான். இருளிற் செல்லவேண்டின் கைவிளக்கை ஏற்றிக்கொண்டே செல்லல் வேண்டும்.

நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுக்குங்கால், நாற்புறமும் மனிதர் வரக்கூடிய வழிகளை நோக்கி, எந்த வழியிலிருந்து பொய்ம்மானைச் சுட்டாலும் அக்குண்டு தன்னிடம் வாராதவாறு இருக்கையை அமைத்தல் வேண்டும். நிலத்தில் இருப்போன் தன் தோளினும் அகன்ற அடிமரத்தில் முதுகைச் சார்த்தி இருப்பானாயின், பின்புறத்திற்கு அம்மரமே காவலாகும்.

வேறொரு மனிதன் வருவதைக் கண்டால் கையை அசைத்தலும், எழுந்து நிற்றலும், மானின் குரலை எழுப்பலும் கூடா. அசைவும் அவ்வோசையும் அவன் மயக்கத்தை உறுதிப்படுத்தும். அசையாமலிருந்து, மனிதக் குரலில் உரத்துக் கூவுதலே தக்கது. தன் வேட்டை கெடுமே என்று வாய்மூடி இருத்தல் பேதைமை.

பொய்ம்மானை முன்னே பிடித்துக்கொண்டு அதன் மறைவில் ஊர்ந்து செல்லும் வழக்கமும் சிலரிடம் உண்டு. இதுவே யாவற்றினும் கொடிய ஆபத்தை விளைப்பது. பார்வையும் வேட்டுவனும் ஒரே இடத்தில் இருத்தலின், ஒருவன் மயங்கினால் மற்றவன் தப்பும் வழியில்லை. அன்றியும், புணர்பருவத்து ஆண்மான் பொய்ம்மானைக் கொம்பால் முட்டிச் சிதைத்தலும் உண்டாதலின், அதன் அருகே மனிதன் நிற்றல் எவ்வாற்றானும் தகாது.

பரண்மேல் ஏறுவோன் உடல் முழுவதையும் பிணிக்கும் வார்க்கச்சையை அணிந்து மரத்தோடு பிணித்துக்கொள்ளல் வேண்டும். தரையில் அடிவைக்கும் வரை அதனை அவிழ்த்தலாகாது. வில்லையும் அம்பையும் கையிற் கொண்டு ஏறாமல், ஏறியபின் கயிற்றால் இழுத்துக்கொள்ளல் வேண்டும். மான் வேட்டையில் நேரும் துன்பங்களுட் பல, பிறர் ஆயுதத்தால் அல்லாமல் மரத்தினின்றும் வீழ்தலாலேயே நேர்கின்றன.

இவற்றிற்கெல்லாம் மேலாக, ஒளிரும் ஆரஞ்சு நிற மேலாடையையும் தொப்பியையும் அணிதல் வேண்டும். பொய்ம்மானுக்கு அருகிலுள்ள மரத்திலும் அந்நிறத் துணியொன்றைச் சுற்றி வைத்தல் நலம். 'இத்துணை எடுப்பான நிறத்தை மான் கண்டு ஓடாதோ' என்று வினவலாம். மேலே கூறிய கூம்புகளின் இயல்பை இங்கே நினைவுகூர்க. மனிதன் அரை மைலுக்கு அப்பாலும் காணும் அந்நிறம், அசையாதிருக்கும்வரை மானுக்கு எடுப்பாகத் தோன்றுவதில்லை. மானின் கண்ணுக்கு ஒளித்து மனிதன் கண்ணுக்கு வெளிப்பட்டு நிற்க இயற்கையே வழி வகுத்துள்ளது. இவ்வுண்மையைக் கொண்டே அமெரிக்க மாநிலங்கள் பல ஆரஞ்சு ஆடையைச் சட்டமாக்கியுள்ளன. விஸ்கான்சின் மாநிலம் 2016-இல் அதற்கு மாற்றாக ஒளிரும் இளஞ்சிவப்பையும் ஏற்றது. நியூயார்க் மாநிலம் துப்பாக்கியால் மான் வேட்டையாடுவோர் இவ்விரண்டுள் ஒன்றை அணிதல் வேண்டும் என்று 2021-இல் விதித்தது.

சட்டமும் பார்வையும்

பார்வையின் ஆற்றல் அளவு கடந்தபோது சட்டம் இடைப்புகுந்தது. நீர்ப்பறவை வேட்டையில் உயிருள்ள வாத்துகளைப் பார்வையாகக் கட்டி வைத்தலை அமெரிக்க அரசாங்கம் 1935-இல் விலக்கியது. பறவைத்தொகை குறைந்துவந்த அக்காலத்தில், தன்னினத்தின் குரலைக் கேட்டு இறங்கும் பறவைகள் தப்புதல் அரிதாயிருந்தமையே அதன் காரணம். மான் வேட்டையில் வைக்கும் பொய்ம்மானைப் பற்றிய விதிகள் மாநிலந்தோறும் வேறுபடும். மின்விசையால் அசையும் உருவங்களை விலக்கிய இடங்களும் உண்டு. ஆதலின் அவ்விடத்துச் சட்டத்தை அறிந்த பின்னரே அதனைக் கையிலெடுத்தல் வேண்டும்.

வியப்பான செய்தி ஒன்று உண்டு. சட்டத்தை மீறுவோரைப் பிடிக்கவும் இன்று பொய்ம்மானே பயன்படுகின்றது. இரவில் வண்டியில் இருந்தபடியே விளக்கொளி பாய்ச்சிச் சாலையோரத்து மானைச் சுடுவோர் பலர். அமெரிக்க வனக்காவலர், உண்மைத் தோல் போர்த்த பொய்ம்மானைச் சாலையோரத்தில் நிறுத்தித் தொலைவிலிருந்தே அதன் தலையையும் வாலையும் அசைக்கின்றனர். அதனைச் சுடுவோனை மறைந்திருக்கும் காவலர் பிடிக்கின்றனர். இங்கே வேட்டுவனே மானாகின்றான். ஆசையே அவனை வலைக்கு இழுக்கின்றது.

பார்வை காத்தற்கும் உதவும். மேய்ன் மாநிலத்தின் ஈஸ்டர்ன் எக் ராக் என்னும் தீவில், வேட்டையால் அழிந்துபோன பஃபின் பறவைகளை மீண்டும் குடியேற்ற விரும்பிய ஸ்டீபன் கிரெஸ் என்னும் அறிஞர், 1973-ஆம் ஆண்டு முதல் நியூபவுண்ட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொணர்ந்து வளர்த்தார். கடலுக்குச் சென்ற அவை திரும்பி இறங்கத் தயங்கும் என்றெண்ணி, 1977-இல் மரத்தாற் செய்த பஃபின் உருவங்களைப் பாறைகளின்மேல் நிறுத்தினார். இனத்தைக் கண்டு துணிந்த பறவைகள் இறங்கின. 1981-இல் அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. கொல்லுதற்கு எழுந்த சூழ்ச்சி வாழ்வித்தற்கும் உதவியது.

நம் நாட்டில், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையை விலக்கியுள்ளது. அச்சட்டத்தில் 'வேட்டை' என்னும் சொல்லுக்குக் கொல்லுதல் மட்டும் பொருளன்று. பிடித்தல், கண்ணி வைத்தல், பொறி வைத்தல், விரட்டுதல், இரை காட்டி ஈர்த்தல் என்பனவும், இவற்றிற்கு முயலுதலும் அதனுள் அடங்கும். எனவே விளாமரத்தடியிற் கட்டிய பார்வை மான் இன்று நம் நாட்டிற் குற்றத்தின் கருவியேயாம். திருகுமானைக் காத்தற்பொருட்டுக் கோடிக்கரையில் 1967-இலும், தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் 1987-இலும் புகலிடங்கள் அமைக்கப்பட்டன. மானின் இயல்பை ஆராய விரும்பும் மாணவர் அங்கே சென்று, காற்றுக்கு எதிர்முகமாக அமைதியாய் இருந்து நோக்குவாராயின், இக்கட்டுரையிற் கூறியவற்றுட் பலவற்றை உயிருக்கு ஊறின்றியே கண்டு தெளியலாம். ஒரு மான் தலை தூக்கி நோக்கும் திசையை மற்றவை நோக்குவதையும், ஐயுற்ற மான் காற்றின் பக்கமாய்ச் சுற்றி வருவதையும் காண வில்லும் வேண்டா, பொய்ம்மானும் வேண்டா.

முடிவுரை

பார்வை மானைப் பற்றிய கதைகளுள் நம் நாட்டார் அனைவரும் அறிந்தது மாரீசன் கதை. அங்கே பொய்ம்மானை நிறுத்தினோன் இராவணன். அதனைக் கண்டு பின்தொடர்ந்தோன் வில்லாற்றலில் ஒப்பற்ற இராமன். மானை வேட்டையாடச் சென்றவனே மானாற் பிரிக்கப்பட்டான். இலக்குவன் ஒருவனே அதனை ஐயுற்றான். அவன் சொல் ஏறவில்லை. ஆசை முந்தியவிடத்து ஆராய்ச்சி பிந்தும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இக்காலத்து வேட்டுவனுக்கும் அதுவே படிப்பினை. காற்றையும் காலத்தையும் முகத்தையும் வாடையையும் அறிந்து பொய்ம்மானை நிறுத்துவது திறமை. அது வேறொருவன் கண்ணில் எவ்வாறு தோன்றும் என்று எண்ணி நிறுத்துவது அறிவு. எய்யும் வலிமை கையிலிருந்தும், ஐயம் நேர்ந்தவிடத்து எய்யாதிருப்பது அறம். அவ்வறத்தின் சாயலைப் புறநானூற்று வேட்டுவன் மனைவியிடத்திற் கண்டோம். பசியுள்ள இல்லத்திலும், துணையை நம்பி வந்த ஓர் உயிரின் மகிழ்ச்சியைக் கலைக்க அஞ்சி அவள் அசையாதிருந்தாள். வேட்டைக் கலை முழுதும் கற்றோரும் அவளிடம் கற்கவேண்டுவது சிறிது உண்டு.